வீட்டுக்குள் ஒரு தொழிற்சாலை!

குற்றாலத்தில் சாரல் தொடங்கி விட்டால் தென்காசிக்கே ஒரு தனிக் களை வந்து விடும். ஆனி, ஆடி மாதங்களில் பேரருவியிலும் ஐந்தருவியிலும் கூட்டம் அலை மோதும்.

மலையில் மழை வலுத்து, அருவியில் தண்ணீர் பெருகி விட்டால் போலீசார் என்ன செய்கிறார்கள்? விசில் ஊதுகிறார்கள். குளிப்பவர்களை வெளியேற்றுகிறார்கள். தண்ணீர் குறையும் வரை ஒருவரையும் உள்ளே விடுவதில்லை. "இவ்வளவு தூரம் வந்தும் குளிக்க முடியவில்லையே" என்று ஜனங்கள் முணுமுணுப்பார்கள். ஆனாலும் தடை தடைதான்.

அந்தத் தடை எவ்வளவு அவசியம் என்பதை 2024-ம் ஆண்டு மே மாதம் 17-ந் தேதி நடந்த சம்பவம் காட்டியது. பழைய குற்றாலம் அருவியில் திடீர் என்று வெள்ளம் பாய்ந்தது. 17 வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான்.

வந்த பிறகு அழுவதை விட, வரும் முன்பே தடுப்பது மேல். அருவிக்கு மட்டும் அல்ல, ஆலைக்கும் இது பொருந்தும். வேலை செய்யும் இடத்தில் எங்கே ஆபத்து இருக்கிறது என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும். அதை அகற்ற வேண்டும். முடியாவிட்டால் குறைக்க வேண்டும். அந்தப் பொறுப்பு முதலில் முதலாளியைச் சேர்ந்தது. தொழிலாளர் பாதுகாப்புச் சட்டங்களின் சாரம் இவ்வளவுதான்.

ஆனால், வேலை நடக்கும் இடம் ஆலையாக இல்லாமல், வேலை செய்யும் பெண்ணின் சொந்த வீடாகவே இருந்தால்? அங்கே விசில் ஊத வேண்டியவர் யார்?

தென்காசி மாவட்டத்தில் பல ஆயிரம் குடும்பங்களின் வாழ்க்கை இந்தக் கேள்வியில் அடங்கி இருக்கிறது.

மடியில் ஒரு தட்டு

தென்காசியைச் சுற்றியுள்ள பாவூர்சத்திரம், கடையம், ஆலங்குளம், கடையநல்லூர் ஆகிய எந்தப் பக்கம் போனாலும், வீட்டு வாசலிலும் திண்ணையிலும் பெண்கள் பீடி சுற்றுவதைப் பார்க்கலாம். மடியில் ஒரு தட்டு. தட்டில் வெட்டிய இலையும் புகையிலைத் தூளும். குனிந்த தலை நிமிராமல் வேலை நடக்கும்.

பீடி இலை மத்தியப் பிரதேசம், சத்தீஷ்கார், ஒடிசா காடுகளில் பறிக்கப்படுகிறது. புகையிலை குஜராத், கர்நாடகம் ஆகிய இடங்களில் விளைகிறது. கம்பெனியின் பீடிக் கடையில் இலையையும் தூளையும் நிறுத்துக் கொடுப்பார்கள். பெண்கள் அதை வீட்டுக்குக் கொண்டு வருவார்கள். இலையை நனைத்து, தகட்டை அளவாக வைத்துக் கத்தரியால் வெட்டுவார்கள். தூளை வைத்துச் சுருட்டி, நுனியை மடித்து, நூலால் கட்டுவார்கள்.

25 பீடி ஒரு கட்டு. 40 கட்டு சேர்ந்தால் 1,000 பீடி. 1,000 பீடிக்கு இவ்வளவு என்று கூலி. சுற்றினால் காசு. கை நின்றால் காசும் நின்று விடும்.

இந்தியா முழுவதிலும் பதிவு செய்த பீடித் தொழிலாளர்கள் சுமார் 50 லட்சம் பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். வீட்டில் இருந்தபடியே சுற்றுகிறவர்கள்.

"வெயிலில் அலைய வேண்டாம். பிள்ளையைப் பார்த்துக் கொண்டே நாலு காசு சம்பாதிக்கலாம்." வீட்டு வேலையின் நன்மை இது. இதை மறுக்க முடியாது. பல வீடுகளில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும், பெண்ணுக்குக் கல்யாணம் நடந்ததும் இந்தக் காசில்தான்.

அந்த நன்மையோடு கூடவே வீட்டுக்குள் நுழைகிற கெடுதல் எது?

புகைக்காதவருக்கும் புகையிலை

புகையிலையில் நிகோடின் என்ற நச்சுப் பொருள் இருக்கிறது. புகைத்தால்தான் அது உடம்பில் சேரும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. தூசியாக மூக்கு வழியே போகும். கை விரலின் தோல் வழியாகவும் ஊறும்.

மும்பை புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பீடி சுற்றும் பெண்களைச் சோதித்தார்கள். நிகோடின் உடம்பில் சேர்ந்தால் அது கோட்டினின் என்ற வேறு பொருளாக மாறி, சிறுநீரில் வெளிவரும். புகையிலைப் பழக்கம் இல்லாத பெண்களிடமும் அந்தப் பொருள் கூடுதலாக இருந்தது. ஒரு பீடியைக் கூட வாயில் வைத்து அறியாத பெண்ணின் உடம்பில் புகையிலை!

இருமல், இளைப்பு, கண் எரிச்சல், தலை சுற்றல் ஆகியவை இந்தத் தொழிலில் சாதாரணம். மணிக்கணக்காகக் குனிந்து உட்காருவதால் கழுத்தும் இடுப்பும் முழங்காலும் வலிக்கின்றன.

ஆலையில் வேலை செய்கிறவர் மாலையில் வாசலைத் தாண்டி வெளியே வந்தால் தூசியை விட்டு வந்து விடலாம். வீட்டில் சுற்றும் பெண்ணுக்கு அப்படி ஒரு வாசல் இல்லை. தூள் இருக்கும் அறையில்தான் சோறு பொங்குகிறது. அதே அறையில்தான் தொட்டில் தொங்குகிறது. சாரல் காலத்தில் ஈரக் காற்று பட்டால் தூள் பதம் கெட்டு விடும் என்று கதவையும் ஜன்னலையும் சாத்தி வைத்தால், தூசி முழுவதும் உள்ளேயே சுற்றுகிறது. குழந்தைக்கும் பங்கு, கிழவிக்கும் பங்கு.

வெடி கேட்கிறது, தூசி கேட்பதில்லை

2012-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தது. 30-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். நாடே திரும்பிப் பார்த்தது. 1984-ம் ஆண்டு டிசம்பரில் போபாலில் விஷ வாயு கசிந்து ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள். அதன் பிறகே, 1987-ம் ஆண்டில் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. ஆலையில் உள்ள அபாயத்தை முதலாளி மறைக்காமல் தொழிலாளருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்ல வேண்டும் என்ற விதி அப்போதுதான் வந்தது.

பெரிய விபத்து நடந்தால் சட்டம் விழித்துக் கொள்கிறது. ஆனால் தூசிக்கு வெடிச் சத்தம் கிடையாது. அது 20 வருஷம் எடுத்துக் கொண்டு மெல்ல மெல்ல மூச்சை அடைக்கிறது. "வயதாகி விட்டது, அதனால் இருமல்" என்று வீட்டார் சொல்லி விடுகிறார்கள். வேலைதான் காரணம் என்று எந்தப் புத்தகத்திலும் ஏறுவதில்லை.

சட்டம் துரத்திய கதை

அப்படியானால் பீடித் தொழிலுக்குச் சட்டமே இல்லையா? இருக்கிறது. அது வந்த கதையே சுவையானது.

1948-ம் ஆண்டில் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. அந்தக் காலத்தில் பீடிப் பட்டறைகள் நிறைய இருந்தன. சட்டம் பட்டறையைத் தேடிப் போனது. பட்டறை சிறு சிறு துண்டாக உடைந்து, இடைத் தரகர்கள் மூலம் வீடுகளுக்குள் போய் விட்டது.

1958-ம் ஆண்டில் சென்னை மாகாண அரசாங்கம் பீடிப் பட்டறைகளுக்கு என்று தனிச் சட்டம் செய்தது. ஒரு மாகாணத்தில் கெடுபிடி செய்தால் தொழில் அடுத்த மாகாணத்துக்கு ஓடியது! கடைசியில் பார்லிமெண்டே 1966-ம் ஆண்டில் இந்தியா முழுமைக்கும் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் கொண்டு வந்தது.

அது நல்ல சட்டம். கம்பெனியோ தரகரோ கொடுக்கும் இலை, தூளை வாங்கி வீட்டில் சுற்றுகிறவரும் தொழிலாளியே என்று அது சொல்லிற்று. பீடிக் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. சட்டம் செல்லும் என்று 1974-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. வீட்டில் சுற்றுகிறவருக்கும் பிராவிடண்ட் பண்டு உண்டு என்று 1985-ல் மற்றொரு தீர்ப்பு வந்தது. "பீடி சரியில்லை என்று தள்ளும் அதிகாரம் கம்பெனிக்கு இருக்கிறது. ஆகவே கம்பெனிதான் முதலாளி" என்பது அந்தத் தீர்ப்பின் கருத்து.

1991-ல் இன்னொரு வழக்கு. தமிழ்நாட்டுப் பீடித் தொழிலாளர் சங்கச் செயலாளர் ஒருவர் தொடர்ந்தது. புகையிலைத் தொழில் உடம்பைக் கெடுப்பது. அதில் குழந்தைகளை ஈடுபடுத்துவதைக் கூடிய வரை தடுக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு கூறியது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் குறைந்தது 50 ஆயிரம் ரூபாய்க்கு இன்ஷூரன்ஸ் வேண்டும், தவணையை முதலாளி கட்ட வேண்டும் என்றும் சொன்னது.

1976-ல் பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டம் வந்தது. பீடிக்குத் தனி வரி போட்டு, அந்தப் பணத்தில் வைத்தியம், பிள்ளைகளுக்குப் படிப்பு உதவி, வீடு கட்ட உதவி ஆகியவை நடந்தன. தென்காசிக்குப் பக்கத்தில் முக்கூடலில் பீடித் தொழிலாளருக்கு என்றே ஆஸ்பத்திரி அமைந்தது அந்த வழியில்தான். 2017-ம் ஆண்டு ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்தத் தனி வரி நீங்கியது.

இடையில் ஒரு விலக்கு

இவ்வளவு இருந்தும் திண்ணையில் தூசி குறையவில்லை. ஏன்?

1966-ம் ஆண்டுச் சட்டத்தில் காற்றோட்டம் பற்றி விதி இருந்தது. தூசி கிளம்பினால் அதைத் தொழிலாளி மூச்சில் இழுக்காதபடி ஏற்பாடு செய்ய வேண்டும் என்று இருந்தது. குடிதண்ணீர், கை கழுவும் வசதி, குழந்தைகளுக்குத் தனி அறை எல்லாம் இருந்தன. பெண்களை இரவு 7 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றும் இருந்தது.

ஆனால் இவை எல்லாம் "தொழில் நடக்கும் இடத்துக்கு" உரிய விதிகள். தொழில் நடக்கும் இடம் என்றால் என்ன என்று சட்டமே விளக்கம் சொல்லிற்று. அந்த விளக்கத்தில்தான் ஒரு விலக்கு: "குடியிருக்கும் வீடு நீங்கலாக".

கூலிக்கும் பிராவிடண்ட் பண்டுக்கும் அந்தப் பெண் தொழிலாளி. காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் வரும்போது, அந்த வீடு தொழில் நடக்கும் இடம் அல்ல! ஆளைச் சட்டம் பார்த்தது. ஆள் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பார்க்கவில்லை.

விலக்கு கெட்ட எண்ணத்தோடு வைக்கப்பட்டது என்று சொல்ல முடியாது. இன்ஸ்பெக்டர் ஒருவர் நினைத்த நேரத்தில் குடும்பம் வாழும் வீட்டுக்குள் நுழைவதை யார்தான் விரும்புவார்கள்? ஆனால் இன்ஸ்பெக்டர் நுழையாத வீட்டில் தூசி தாராளமாக நுழைந்து விட்டது.

புதிய சட்டம் என்ன சொல்கிறது?

2025-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி முதல் புதிய சட்டம் அமலுக்கு வந்திருக்கிறது. தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் பற்றிய 2020-ம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் அது. தொழிற்சாலைச் சட்டம், பீடித் தொழிலாளர் சட்டம் உள்பட 13 மத்திய சட்டங்களை ஒன்றாக்கி இது செய்யப்பட்டது.

வேலை இடத்தை ஆபத்து இல்லாமல் வைப்பது முதலாளியின் கடமை என்று இச்சட்டம் சொல்கிறது. வேலை நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும். அரசாங்கம் குறிப்பிடும் தொழிலாளருக்கு ஆண்டுக்கு ஒரு முறை இலவச உடல் பரிசோதனை செய்ய வேண்டும். தன் வேலையால் உடம்புக்கு என்ன கெடுதல் என்று முதலாளியிடம் கேட்டு அறியும் உரிமை தொழிலாளிக்கு உண்டு.

பீடித் தொழிலுக்கு இதில் தனிப் பகுதி இருக்கிறது. ஆனால் "குடியிருக்கும் வீடு நீங்கலாக" என்ற பழைய விலக்கும் கூடவே வந்து விட்டது. வீட்டில் சுற்றக் கொடுப்பதும் முன்போலவே அனுமதிக்கப்படுகிறது. ஆகவே, இலவச உடல் பரிசோதனையும் நியமனக் கடிதமும் பீடிக் கடையோடு நின்று விடுமா, திண்ணை வரை வருமா என்பதே இனிப் பார்க்க வேண்டியது.

வீட்டில் இருந்து கூலி வேலை செய்கிறவருக்கும் மற்றத் தொழிலாளருக்குச் சமமான பாதுகாப்பு வேண்டும் என்று ஐ.எல்.ஓ. எனப்படும் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1996-ம் ஆண்டில் ஓர் உடன்படிக்கை செய்தது. சில பொருள்களை வீட்டு வேலைக்குக் கொடுக்கவே கூடாது என்று தடுக்கவும் அதில் இடம் உண்டு. இந்தியா அதில் சேரவில்லை.

முகமூடி கடைசி!

"மூக்கில் துணியைக் கட்டிக் கொள்ளுங்கள்" என்பதுதான் வழக்கமாகச் சொல்லும் புத்திமதி. பாதுகாப்பு நிபுணர்கள் இதைக் கடைசிப் படியில் வைக்கிறார்கள்.

முதல் படி, ஆபத்தையே அகற்றுவது. இரண்டாவது, ஆபத்து குறைந்த வேறு பொருளை வைப்பது. மூன்றாவது, ஆளையும் ஆபத்தையும் பிரித்து வைப்பது. நான்காவது, வேலை முறையையும் நேரத்தையும் மாற்றுவது. இவை எல்லாம் செய்தும் மிச்சம் இருக்கும் ஆபத்துக்குத்தான் முகமூடியும் கையுறையும். கையுறை போட்டுக் கொண்டு பீடி சுற்றுவதும் நடக்காத காரியம். விரல் நுனியின் உணர்வில்தான் வேலையே இருக்கிறது.

இதைத் தென்காசிக்குப் பொருத்திப் பார்க்கலாம். தூளைச் சலித்துத் தூசி போக்கி, மூடிய டப்பாவில் கொடுப்பது கம்பெனியால் முடியும். ஊருக்கு ஒரு பொதுக் கொட்டகை கட்டலாம். காற்று, வெளிச்சம், கை கழுவக் குழாய், குழந்தைக்கு ஒரு பக்கம், முதுகு சாயப் பலகை இருந்தால் போதும். விருப்பமுள்ள பெண்கள் அங்கே வந்து சுற்றலாம். தூள் வீட்டை விட்டு வெளியேறும். இன்ஸ்பெக்டரும் வீட்டுக்குள் நுழைய வேண்டியதில்லை.

கூலியும் இதில் சேர்ந்ததுதான். மணிக்கு ஒரு தரம் எழுந்து நடங்கள் என்று சொல்வது சுலபம். எழுந்தால் பீடி குறையும். பீடி குறைந்தால் கூலி குறையும். ஓய்வு நேரத்தையும் கணக்கிட்டு 1,000 பீடிக்குக் கூலி வைத்தால்தான் அந்தப் புத்திமதி பலிக்கும்.

"வீடு அவர்களுடையது; நாங்கள் எப்படிப் பொறுப்பாக முடியும்?" என்று கம்பெனித் தரப்பில் கேட்கலாம். வீடு பெண்ணுடையது, சரி. தூள் யாருடையது? நிறுத்துக் கொடுத்த தூளுக்குக் கிராம் கணக்காகக் கணக்கு கேட்க முடிகிறது. அந்தத் தூள் செய்யும் கெடுதலுக்கும் கணக்கு சொல்வதுதான் நியாயம்.

கண்ணூர் சொல்லும் பாடம்

"சட்டத்தை இறுக்கினால் கம்பெனி ஊரை விட்டே போய் விடும், கஞ்சிக்கு வழி இல்லாமல் போகும்" என்ற பயம் பெண்களுக்கு உண்டு. வீண் பயம் அல்ல. 1968-ல் கேரள அரசாங்கம் பீடிச் சட்டத்தை அமல் நடத்தியதும், கண்ணூர் பக்கத்தில் மங்களூர் முதலாளிகள் பட்டறைகளை மூடினார்கள். சுமார் 12 ஆயிரம் பேர் வேலை இழந்தார்கள்.

கதை அதோடு முடியவில்லை. 1969-ம் ஆண்டு பிப்ரவரியில் அரசாங்க உதவியோடு தொழிலாளர்களே கேரள தினேஷ் பீடிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். கொட்டகையில் வேலை, சம்பளத்தோடு விடுமுறை, பிராவிடண்ட் பண்டு எல்லாம் கொடுத்தார்கள். 1980-களில் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் வேலை பார்த்தார்கள். பிற்பாடு பீடி குடிப்பவர்கள் குறைந்தார்கள்; சங்கமும் சுருங்கியது. அப்போது அது சும்மா இருக்கவில்லை. உணவுப் பண்டம், குடை, ஆயத்த ஆடை என்று வேறு தொழில்களில் இறங்கியது.

சட்டத்தைக் கொண்டு வருகிறவர்கள் மாற்று வழியையும் கூடவே கொண்டு வர வேண்டும். கண்ணூர் காட்டுவது இதைத்தான். உலக சுகாதார ஸ்தாபனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தமும் இதையே சொல்கிறது. இந்தியா 2004-ல் அதில் சேர்ந்தது. புகையிலைத் தொழிலாளருக்கு வேறு பிழைப்பு காட்ட வேண்டும். அது வரை அவர்கள் உடம்பைக் காக்க வேண்டும் என்பவை அதில் உள்ள கடமைகள்.

இன்றைக்கே செய்யக் கூடியவை

சர்க்கார் செய்வது வரட்டும். அது வரை வீட்டில் செய்யக் கூடியவை சில உண்டு.

தூளைச் சமையல் அறையிலும் குழந்தை தூங்கும் இடத்திலும் வைக்கக் கூடாது. மூடி போட்ட டப்பாவில் வைக்க வேண்டும். சலிப்பதும் உதறுவதும் வெளியே, காற்று வீசும் பக்கம் முதுகைக் காட்டி நின்று செய்ய வேண்டும். காற்றோட்டம் உள்ள இடத்தில் உட்கார வேண்டும். சோறு பிசையும் முன்பும் பிள்ளைக்குப் பால் கொடுக்கும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வேலைக்கு என்று ஒரு பழைய சேலையை ஒதுக்கிக் கொண்டால் நல்லது. தரையைப் பெருக்காமல் ஈரத் துணியால் துடைத்தால் தூசி கிளம்பாது. பள்ளிப் பிள்ளைகளைத் தட்டுப் பக்கம் விடவே கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சளியைச் சோதிக்க வேண்டும். பீடி சுற்றும் வேலை என்பதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பாஸ் புத்தகம் சொந்தப் பெயரில் இருக்க வேண்டும். புத்தகம் ஒருவர் பெயரில், சுற்றுவது வேறொருவர் கை என்று இருந்தால் கோர்ட்டும் சட்டமும் கொடுத்த உரிமை புத்தகத்தில் பெயர் உள்ளவருக்கே போகும். சுற்றியவருக்கு இருமல்தான் மிஞ்சும். பீடித் தொழிலாளர் அடையாள அட்டையையும் பத்திரமாக வைத்துக் கொள்ள வேண்டும்.

வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை இருந்தால் இன்று மாலையே அந்தப் புத்தகத்தை எடுத்து வாசிக்கச் சொல்லலாம். அம்மாவின் பெயர் சரியாக இருக்கிறதா? நாள்தோறும் சுற்றிக் கொடுத்த கணக்கு ஏறி இருக்கிறதா? பிராவிடண்ட் பண்டு பிடித்தது பதிவாகி இருக்கிறதா? பிழை இருந்தால் தொழிற்சங்கத்திலோ தொழிலாளர் அலுவலகத்திலோ எழுதிக் கொடுக்கலாம்.

சட்டம் திண்ணைக்குத் தானாக நடந்து வராது. இந்தத் தூள் யாருக்காக, யார் வீட்டில், யார் கையால் சுற்றப்பட்டது என்பதற்கு எழுத்தில் சாட்சி வேண்டும். அந்தச் சாட்சி பாஸ் புத்தகம்தான்.